1/3 அளவு புல்லட் எஞ்சின்: எல்லாம் கோத்து முடித்தேன், தீ மட்டும் பிடிக்கவில்லை

பட்டறைவாசி (கோவை)

வணக்கம். பதிவு நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஸ்ட் அயர்ன் காலத்து ராயல் என்ஃபீல்டு புல்லட் 350-இன் எஞ்சினை மூன்றில் ஒரு பங்கு அளவில் வீட்டுப் பட்டறையில் செய்துகொண்டிருக்கிறேன். ஷோகேஸில் வைக்க இல்லை. பெட்ரோல் ஊற்றினால் ஓட வேண்டும், அதுதான் முதல் நாளிலிருந்து எண்ணம். இரண்டரை வருடம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளும், வேலை முடிந்து வந்த ராத்திரிகளும். போன வாரம் கடைசி நட்டை முடுக்கி, டிரில் மெஷினைப் பூட்டிச் சுற்றினேன். அரை மணி நேரம் சுற்றினேன். ஒரு 'டப்' கூட வரவில்லை.

அசலில் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., மொத்தம் 346 சி.சி. என்னுடையது போர் 23.3, ஸ்ட்ரோக் 30. நீளத்தில் மூன்றில் ஒன்று என்றால் கொள்ளளவில் 27-இல் ஒன்று, அதனால் 12.8 சி.சி. வருகிறது. சிலிண்டரை அசல் மாதிரியே காஸ்ட் அயர்னில் கடைந்தேன், ஃபின்களை பார்ட்டிங் டூலால் ஒவ்வொன்றாக இறக்கினேன். ஹெட்டும் கிராங்க் கேஸும் அலுமினியக் கட்டியிலிருந்து மில்லிங். கிராங்க் பின்னும் ஷாஃப்டுகளும் இ.என்.24 ஸ்டீல், ஃபிளைவீல் காஸ்ட் அயர்ன். அசலைப் போலவே இரண்டு தனிக் கேம், புஷ்ராடு, ராக்கர். டிஸ்ட்ரிப்யூட்டர் உருவத்துக்குள் பாயிண்ட்ஸ் (திறந்து மூடிப் பொறி தருகிற பழைய தொடுமுனை) வைக்கவில்லை, காந்தத்தை உணர்கிற ஹால் சென்சர் வைத்து சி.டி.ஐ. (எலக்ட்ரானிக் இக்னிஷன்) கொடுத்திருக்கிறேன். ஸ்பார்க் பிளக் 10 மி.மீ. மரை. கார்புரேட்டர் அசலில் 24 மி.மீ. என்பதால் நான் 8 மி.மீ. துளை போட்டேன்.

இருப்பது நாலரை அடி பழைய பெல்ட் லேத், ஒரு சின்ன மில்லிங், ஒரு பெஞ்ச் டிரில். அவ்வளவுதான்.

எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஸ்பார்க்கா, பெட்ரோலா, கம்ப்ரெஷனா, கேம் டைமிங்கா? நான்கையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துக் குழம்பிவிட்டேன்.

டூல்ரூம்_அம்பத்தூர்

தம்பி, முதலில் வேலைக்கு என் மரியாதை. 40 வருடம் டூல்ரூமில் இருந்தவன் சொல்கிறேன், பெல்ட் லேத்தில் ஒரு மி.மீ. ஃபின்னை உடைக்காமல் காஸ்ட் அயர்னில் இறக்கியிருக்கிறீர்கள் என்றால் கை இருக்கிறது.

ஆனால் நான்கையும் ஒன்றாகத் தொடாதீர்கள். சின்ன எஞ்சினில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, அடைப்பு. உள்ளே இழுத்த காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறதா? அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. பெரிய புல்லட்டில் வால்வு கொஞ்சம் கசிந்தாலும், ரிங் கொஞ்சம் தேய்ந்தாலும் உதைத்து உதைத்து எடுத்துவிடலாம், எத்தனையோ வண்டி அப்படித்தான் ஓடுகிறது. உங்களிடம் இருப்பது 12.8 சி.சி. காற்று. கசிகிற இடுக்கு உங்கள் கையையும் கருவியையும் பொறுத்தது, எஞ்சின் சின்னதாகிவிட்டது என்பதற்காக அதுவும் 27-இல் ஒன்றாகச் சுருங்கிவிடாது. அதனால் அதே இரண்டு 'தவு' (அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு) இடுக்கு புல்லட்டுக்கு ஒன்றுமில்லை, உங்களுக்கு மொத்தமும் போய்விடும்.

ஹெட்டைக் கழற்றுங்கள். வால்வும் ஸ்பிரிங்கும் மாட்டியபடியே இருக்கட்டும். மெடிக்கல் ஷாப்பில் 20 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ரப்பர் குழாய் வைத்து போர்ட் (ஹெட்டில் காற்று போகிற வழி) வாயில் அழுத்திப் பிடித்து, பிஸ்டனைப் பின்னால் இழுத்து விடுங்கள். நல்ல வால்வு என்றால் சிரிஞ்சின் பிஸ்டன் 'சடக்'கென்று பழைய இடத்துக்குத் திரும்பும். கசிந்தால் இழுத்த இடத்திலேயே நிற்கும், அல்லது மெதுவாகத் தளர்ந்து நிற்கும். இரண்டு போர்ட்டையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்து ஹெட்டைக் கவிழ்த்துப் பிடித்து, அறைக்குள் அதே சிரிஞ்சால் மெல்லிய ஆயில் விட்டு எத்தனை சி.சி. பிடிக்கிறது என்று அளக்கவும். பிளக் மாட்டியிருக்க வேண்டும். கேஸ்கெட் தடிமனையும் தனியாக எழுதுங்கள்.

கிளாசிக்350

அருமையான முயற்சி நண்பரே. ஒரே வருத்தம் சி.டி.ஐ. வைத்தது. புல்லட் என்றால் பாயிண்ட்ஸ், பாயிண்ட்ஸ் என்றால் புல்லட். கேப்பை ஃபீலர் கேஜில் 0.35-க்கு வைத்து, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்து, டீகம்ப்ரெஷன் லிவரைப் பிடித்து ஒரு உதை. அந்த அனுபவத்துக்குத்தானே இந்த எஞ்சினை எடுத்தீர்கள்? உள்ளே சிப் இருந்தால் வெளியே எவ்வளவு அச்சாக இருந்தாலும் எனக்கு ஒட்டவில்லை.

பட்டறைவாசி

@டூல்ரூம்_அம்பத்தூர் ஐயா, நீங்கள் சொன்னதை அப்படியே செய்தேன்.

இன்லெட் ஓரளவு பிடிக்கிறது, மூன்று நான்கு வினாடி. எக்ஸாஸ்ட் சுத்தமாகப் பிடிக்கவில்லை, இழுத்தால் காற்று வந்துகொண்டே இருக்கிறது.

ஹெட் அறை 2.5 சி.சி. வந்தது. கேஸ்கெட் அழுந்திய பிறகு ஒன்றரை மி.மீ. அளந்தேன். 23.3 போருக்கு ஒரு மி.மீ. தடிமன் என்றாலே 0.43 சி.சி., ஆக இது 0.64. மொத்தம் 3.1-க்கு மேல். கணக்குப் போட்டால் கம்ப்ரெஷன் விகிதம் 5-தான் வருகிறது! அசலில் 6.5. அதை எட்ட எனக்கு மொத்த அறையும் 2.3-க்குள் இருக்க வேண்டும். வரைபடத்தில் எல்லாம் சரியாக இருந்ததாக நினைத்தேன். பிளக் முனை உட்காரும் பள்ளத்தையும், ஆயில் கசியக்கூடாது என்று நான் போட்ட தடித்த கேஸ்கெட்டையும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

@கிளாசிக்350 அண்ணா, உங்கள் மனசு புரிகிறது. முதலில் ஓடட்டும், பாயிண்ட்ஸ் பற்றி அப்புறம் பேசுவோம்.

டூல்ரூம்_அம்பத்தூர்

நோய் கிடைத்துவிட்டது. ஒன்று அல்ல, இரண்டு.

கேஸ்கெட்டை 0.3 செம்புத் தகடாக மாற்றுங்கள். அனீல் செய்து போடவும்: சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மெத்தென்று ஆகிவிடும், இரும்புக்கு நேர்மாறு. அதிலேயே அரை சி.சி. திரும்பக் கிடைக்கும். மீதிக்கு பிஸ்டன் தலையை லேசாக உயர்த்திப் புதிதாகக் கடையுங்கள். 6.5-இல் நிற்க வேண்டாம், 7-க்குப் போகலாம். சின்ன சிலிண்டரில் காற்றின் அளவுக்குச் சுவரின் பரப்பு மூன்று மடங்கு அதிகம், அழுத்தும்போது வருகிற சூட்டைச் சுவரே குடித்துவிடும். அதை ஈடுகட்ட வேண்டும்.

இப்போது வால்வு. சீட்டை (வால்வு உட்கார்ந்து அடைக்கிற இடம்) எப்படிச் செய்தீர்கள்? கைடு (வால்வுத் தண்டு நகர்கிற குழல்) தனி, சீட் தனியா?

பட்டறைவாசி

ஆமாம் ஐயா. சீட் வளையத்தை முதலில் ஹெட்டில் இறக்கினேன், பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து கைடு. சீட்டை 45 டிகிரி கட்டரால் வெட்டி, வால்வு கிரைண்டிங் பேஸ்ட் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். சுற்றிலும் அகலமான சாம்பல் நிற வளையம் வந்தது, நன்றாக உட்கார்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

டூல்ரூம்_அம்பத்தூர்

அந்த அகலமான வளையம்தான் ஏமாற்றுகிறது, தம்பி.

கைடின் மையமும் சீட்டின் மையமும் ஒன்றாக இல்லாவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் வால்வு ஒரு பக்கம்தான் உட்காரும். தேய்க்கத் தேய்க்க வளையம் அகலமாகும், வால்வு முகத்தில் பள்ளம் விழும், அடைப்பு வராது. அகலமான சீட்டில் ஸ்பிரிங்கின் விசை பரந்து போய்விடும். உங்கள் ஸ்பிரிங் எவ்வளவு பெரிது? அரை மி.மீ. கம்பி இருக்குமா? அந்த விசை மெல்லிய கோட்டில் விழுந்தால்தான் அடைக்கும். கால் மி.மீ. அகலம் போதும்.

கைடையும் சீட்டையும் ஒரே துண்டாகக் கடையுங்கள் (பித்தளை வேண்டாம், பாஸ்பர் வெண்கலம் அல்லது கன்மெட்டல்). சக்கில் ஒரு தடவை பிடித்தால் அதைக் கழற்றாமலே வெளி விட்டம், துளை, ரீமர், சீட்டின் கோணம் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். கழற்றி மாட்டினால் மையம் போச்சு. ஹெட்டில் இறுக்கி அடிக்காதீர்கள், அடித்தால் நெளியும். தளர்வாக நுழையும்படி வைத்து, சூடு தாங்குகிற லாக்டைட் 620 போட்டு ஒட்டுங்கள். பக்கவாட்டுப் போர்ட் துளையை ஒட்டிய பிறகு போடவும். கடைசியாக, கைடுக்குள் நுழைகிற பைலட் வைத்த கட்டரை விரலால் பிடித்து இரண்டே சுற்று. மெஷினில் மாட்டக் கூடாது, விரல்தான். பேஸ்ட் தேவைப்பட்டால் மெட்டல் பாலிஷ் போதும், அரை நிமிடம்.

வால்வும் அப்படித்தான். தண்டையும் முகத்தையும் ஒரே பிடிப்பில் கடைய வேண்டும்.

வார்ப்படக்காரன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பட்டறைவாசி, நீங்களும் கோவையில் இருந்துகொண்டு கிராங்க் கேஸைக் கட்டியிலிருந்து குடைந்தீர்களா? பீளமேடு, கணபதி பக்கம் திரும்பின இடமெல்லாம் ஃபவுண்டரிதானே.

பட்டறைவாசி

முதலில் வார்க்கத்தான் பார்த்தேன் அண்ணா. 3டி பிரிண்டில் பேட்டர்ன் எடுத்து ஓர் இடத்தில் கொடுத்தேன். இரண்டு தடவையும் சுவர் நிறையாமல் ஓட்டையோடு வந்தது. சின்ன ஆர்டர் என்பதால் மூன்றாவது தடவை கேட்க எனக்கே சங்கடமாக இருந்தது.

வார்ப்படக்காரன்

சுவர் எவ்வளவு வைத்தீர்கள்? அசலை மூன்றால் வகுத்து ஒன்றரை மி.மீ. வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சாதாரண மணல் அச்சில் அலுமினியம் அந்த இடுக்கில் ஓடி முடிவதற்குள் உறைந்துவிடும். வெளி அளவை அப்படியே விட்டு உள்பக்கம் மூன்று, மூன்றரை வையுங்கள், யார் கண்ணுக்கும் தெரியாது. பேட்டர்னை நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு பெரிதாக்கவும், அலுமினியம் ஆறும்போது ஏறக்குறைய அவ்வளவு சுருங்கும். எல்.எம்.25 அலுமினியக் கலவை கேளுங்கள். அடுத்த எஞ்சினுக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டியிலிருந்து குடைந்ததில் தவறில்லை, ஆனால் வார்ப்பின் அந்தச் சொரசொரப்பும் வளைவும் மில்லிங்கில் வராது, புல்லட் கேஸுக்கு அதுதான் முகம்.

யாழ்_பர்மிங்காம்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப பர்மிங்காமில் இருக்கிறேன். புல்லட் பிறந்த ரெடிட்ச் இங்கிருந்து அரை மணி நேரப் பயணம். அந்தப் பழைய தொழிற்சாலை இப்ப இல்லை, ஆனால் வண்டி உங்கட ஊரில் உயிரோடு இருக்குது. இந்திய ராணுவம் கேட்டதாலதான் 1955-இல் சென்னையில் கூட்டுக் கம்பனி தொடங்கி, முதலில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி, பிறகு திருவொற்றியூரில் முழுதாகவே செய்யத் தொடங்கினார்கள். ரெடிட்ச் மூடிய பிறகும் அங்கே ஓடிக்கொண்டே இருந்தது. அதனால் கோயம்புத்தூரில் ஒருவர் இதைக் கையால் செய்வது எனக்கு மிகச் சந்தோசம்.

இங்கே வீட்டுக் கொட்டிலில் சின்ன எஞ்சின் செய்கிறது பல தலைமுறைப் பழக்கம். எட்கர் வெஸ்ட்பரி என்று ஒருவர் வீட்டு லேத்தில் செய்யக்கூடிய பெட்ரோல் எஞ்சின்களை வரைந்து கொடுத்தே ஒரு கூட்டத்தை உருவாக்கினவர். அவருடைய 'கிவி' என்கிற 15 சி.சி. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினை இன்றைக்கும் ஆட்கள் செய்கிறார்கள். உங்கட 12.8 சி.சி. அதற்குப் பக்கத்தில் வருகிறது, அதனால் அளவு சின்னன் என்று பயப்பட வேண்டாம். இந்த அளவில் நிச்சயமாக ஓடும்.

ஒரு விசயம். உங்கட கார்புரேட்டர் பெரிது. துளையை அளவுக்கு ஏற்பச் சின்னனாக்கலாம், பெட்ரோல் துளி சின்னனாகாது. டிரில்லால் சுற்றும்போது வேகம் நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்தாலும், 8 மி.மீ. துளையில் காற்று சோம்பலாகத்தான் போகும், ஜெட்டிலிருந்து பெட்ரோலைத் தூக்காது. 5 மி.மீ. ஆக்கினால் பரப்பு இரண்டரை மடங்கு குறையும், காற்றின் வேகம் அவ்வளவு கூடும். வெளித் தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே ஒரு புஷ் போட்டுச் சுருக்குங்கள்.

கிளாசிக்350

அப்படியென்றால் வெளியே மட்டும்தான் புல்லட். சுவர் தடிமன் வேறு, கம்ப்ரெஷன் வேறு, கார்ப் வேறு, இக்னிஷன் வேறு. கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்: எந்த இடத்தில் அது புல்லட்டாக இல்லாமல் போகிறது?

யாழ்_பர்மிங்காம்

நியாயமான கேள்வி. ஸ்பெயினில் 'பட்டேலோ' என்று அழைக்கப்படுகிற ஓய்வுபெற்ற கப்பல் மெக்கானிக் ஒருவர், 12 சிலிண்டர் வி-எஞ்சின் ஒன்றை 12 சி.சி. அளவில் கையால் செய்தவர். 261 பாகம், 1220 மணி நேரம். காணொளியைப் பார்த்தால் கண் கலங்கும். அது ஓடுவது அழுத்தின காற்றில். பெட்ரோல் இல்லை, தீ இல்லை, அதனால் அளவை அச்சாக வைத்திருக்கலாம். அது ஒரு கலை.

தீ வேண்டும் என்று முடிவு செய்தால் விட்டுக்கொடுக்கத்தான் வேணும். பட்டறைவாசி தீ வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டார்.

டூல்ரூம்_அம்பத்தூர்

@கிளாசிக்350 என் கருத்து: வேலை செய்கிற முறை புல்லட்டாக இருந்தால் அது புல்லட். கோத்த கிராங்க், தனித்தனிக் கேம், புஷ்ராடு, காஸ்ட் அயர்ன் போருக்கு மேல் அலுமினிய ஹெட், கிராங்க் கேஸுக்குப் பின்னாலேயே ஆயில் டேங்க். அளவுகளில் எது உடலோ அதை வைத்துக்கொள்ளலாம், எது இடுக்கோ அதை எஞ்சின்தான் முடிவு செய்யும், நாம் இல்லை.

தம்பி, அந்த ஆயில் பம்ப் செய்தீர்களா? யாரும் கேட்கவில்லை.

பட்டறைவாசி

செய்தேன் ஐயா. டைமிங் ஷாஃப்ட் முனையில் வார்ம் (திருகுப் பல்), அது பம்ப் ஷாஃப்டைச் சுற்றி, இரண்டு பிளஞ்சர், ஒன்று பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடின் கிராங்க் பக்க முனை) ஆயில் அனுப்ப, மற்றது கீழே வடிந்ததை டேங்குக்குத் திருப்ப. அசலைப் பிரித்துப் பார்த்து அப்படியே செய்தது. வார்ம் பல் வெட்டவே ஒன்றரை மாதம். கையால் சுற்றினால் ஆயில் வருகிறது. அதுதான் இந்த எஞ்சினிலேயே எனக்குப் பிடித்த பாகம்.

டூல்ரூம்_அம்பத்தூர்

பாருங்கள் கிளாசிக் சார், பம்பையே செய்திருக்கிறார்.

கிளாசிக்350

வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பம்ப் படம் போடுங்கள் தயவுசெய்து!

நிலா_மெக்

வணக்கம், மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். பட்டறைவாசி அண்ணா, ஸ்பார்க் பற்றி யாரும் கேட்காததால் கேட்கிறேன். ஹால் சென்சருக்குப் பக்கத்தில் சுற்றுகிற காந்தம் எந்தப் பக்கம் பார்த்து ஒட்டியிருக்கிறீர்கள்? இந்த வகை சென்சர் பெரும்பாலும் ஒரு துருவத்துக்குத்தான் பதில் சொல்லும். திருப்பி ஒட்டினால் அமைதியாகவே இருக்கும், அல்லது தப்பான இடத்தில் அடிக்கும். எங்கள் புராஜெக்டில் இரண்டு வாரம் இதிலேயே போனது. ஒட்டுவதற்கு முன்னால் சென்சருக்கு எதிரில் காந்தத்தைக் கையால் காட்டி, ஸ்பார்க் வருகிற முகத்தில் மார்க்கரால் புள்ளி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, சி.டி.ஐ. பல வகையில் காந்தம் உள்ளே வரும்போது அடிக்காது, விலகும்போதுதான் அடிக்கும். அதனால் டைமிங்கைக் கண்ணால் பார்த்து வைக்க முடியாது. பிளக்கை வெளியே எடுத்து ஹெட்டில் தொடும்படி வைத்து, கிராங்கில் டிகிரி டிஸ்க் மாட்டி மெதுவாகச் சுற்றி, பொறி விழும் டிகிரியைக் குறியுங்கள்.

பட்டறைவாசி

பிளக்கை வெளியே எடுத்து வைத்துப் பார்த்தபோது பொறி நன்றாக விழுந்தது, நீல நிறம். ஆனால் எந்த டிகிரியில் என்று பார்க்கவே இல்லை. இன்று ராத்திரி பார்க்கிறேன் தங்கச்சி.

(மூன்று மணி நேரம் கழித்து) டி.டி.சி.க்கு (பிஸ்டன் உச்சியைத் தொடும் இடம்) பிறகு 35 டிகிரியில் விழுகிறது! நான் முன்னால் 10 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னதுதான், காந்தம் விலகும்போது அடிக்கிறது.

நிலா_மெக்

அசல் புல்லட்டில் பிஸ்டன் டி.டி.சி.க்கு 0.8 மி.மீ. முன்னால் இருக்கும்போது பாயிண்ட்ஸ் திறக்க வேண்டும் என்று எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் சொன்னார். 90 மி.மீ. ஸ்ட்ரோக்குக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய 10 டிகிரி வருகிறது. உங்கள் எஞ்சினில் அதை மூன்றால் வகுத்தால் 0.27 மி.மீ., அதை அளப்பது கஷ்டம். ஆனால் டிகிரி மாறாது, அதே 10. அசலில் ஓடும்போது டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கிற எடைகள் விரிந்து தானாக அட்வான்ஸ் கொடுக்கும், அதாவது பொறியை இன்னும் முன்னால் தள்ளும். உங்களுக்கு அது இல்லை என்றால் 10-இல் கிளப்பிவிட்டு, பிடித்த பிறகு சென்சர் தட்டைக் கையால் கொஞ்சம் திருப்பி 20 பக்கம் கொண்டுபோங்கள்.

பட்டறைவாசி

ஆறு வாரம் பதிவு போடவில்லை, மன்னிக்கவும். நடந்ததை எழுதுகிறேன்.

கைடும் சீட்டும் ஒரே துண்டாக நான்கு கடைந்தேன், இரண்டு நல்லதாக வந்தது. கன்மெட்டல். வால்வுகளையும் புதிதாகச் செய்தேன். இப்போது சிரிஞ்சை இழுத்தால் கையை உதறிக்கொண்டு திரும்புகிறது. அந்த 'சடக்' சத்தத்தை வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

கேஸ்கெட் 0.3 செம்பு. பிஸ்டன் தலை உயர்த்தியது. அறை இப்போது 2.1 சி.சி., விகிதம் 7. காந்தம் 10 டிகிரியில். கார்பில் 5 மி.மீ. புஷ்.

ஆனாலும் டிரில்லைச் சுற்றினால் கம்ப்ரெஷன் சுமாராகத்தான் இருக்கிறது. பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டால் திடீரென்று நன்றாக வருகிறது. அப்படியென்றால் ரிங்தானே ஐயா?

டூல்ரூம்_அம்பத்தூர்

ரிங்தான். எப்படிச் செய்தீர்கள்?

பட்டறைவாசி

காஸ்ட் அயர்ன் குழாய் கடைந்து, துண்டாக வெட்டி, ஹேக்ஸா பிளேடால் அறுத்து, கையால் விரித்து மாட்டினேன்.

டூல்ரூம்_அம்பத்தூர்

கையால் விரித்தால் வளையம் வட்டமாக இருக்காது தம்பி, அறுத்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் மட்டும் வளைந்து முட்டை வடிவாகிவிடும். போருக்குள் போட்டால் மூன்று இடத்தில் தொடும், மூன்று இடத்தில் விடும். இதைப் பொறுமையாகச் சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் எஞ்சினை மூடி வைத்துவிடுகிறார்கள்.

வெளி விட்டத்தைப் போர் அளவுக்கு ஒரு முடி கூடுதலாகக் கடையுங்கள். உங்கள் போருக்கு ரிங் தடிமன் ஒரு மி.மீ. சரியாக இருக்கும். அதை வெட்டி எடுத்து, கண்ணாடித் தகட்டின் மேல் நைஸ் எமரி வைத்து எட்டு போடுகிற மாதிரி தேய்த்து இரண்டு முகத்தையும் தட்டையாக்குங்கள். பிறகு அறுக்கக் கூடாது, பிளக்க வேண்டும். ஒரு சின்னக் கோடு கீறி இடுக்கியில் பிடித்து நெரித்தால் 'டிக்' என்று விடும். அறுத்தால் பிளேடு அகலத்துக்குப் பொருள் போய்விடும், வட்டம் கெட்டுவிடும். முனைகளை ஊசி அரத்தால் தொட்டுத் தொட்டு, போருக்குள் வைத்துப் பார்க்கும்போது இடைவெளி 0.08 வரும்வரை.

இப்போதுதான் முக்கியமான வேலை. ரிங்கை ஒரு ஸ்டீல் ஃபிக்ஸ்சரில் வைத்து, முனைகளுக்கு நடுவே மூன்றரை மி.மீ. பின் கொடுத்து விரித்து, அந்த நிலையிலேயே மங்கிய சிவப்பு வரும்வரை ஒரே சீராகச் சூடாக்கித் தானாக ஆறவிடுங்கள். மேல்தோல் எரியாமல் இருக்க போரிக் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசவும். ஆறிய பிறகு பின்னை எடுத்தால் ரிங் விரிந்தபடியே நிற்கும், அந்த விரிப்பு கையால் நெளித்த விரிப்பு இல்லை, சூட்டில் படிந்தது. போருக்குள் போட்டால் திரும்பவும் முழு வட்டமாகும்.

மாட்டுவதற்கு முன்னால் போருக்குள் ரிங்கை மட்டும் வைத்து, அடியிலிருந்து டார்ச் அடித்து, இருட்டில் மேலிருந்து பாருங்கள். இடைவெளியைத் தவிர எங்கேயும் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள். பத்து செய்தால் மூன்று தேறும், அது சகஜம்.

வார்ப்படக்காரன்

இந்தப் பதிவை நான் சேமித்துக்கொண்டேன் ஐயா.

பட்டறைவாசி

பன்னிரண்டு செய்தேன். நான்கு தேறியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு துளி வெளிச்சம் இல்லை, கண்ணாடி மூடினது போல இருந்தது. நாளை ஞாயிறு, மாட்டுகிறேன்.

யாழ்_பர்மிங்காம்

ஓட்டுவதற்கு முன் ஒன்று. அறைக்குள் ஓட்ட வேண்டாம். எஞ்சின் சின்னன் என்றாலும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், மணம் தெரியாது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும், பக்கத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ இருக்கக் கூடாது. டேங்கில் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் ஊற்றாதேங்கோ. தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில். டிரில்லுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே ஒருவழி பேரிங் இருக்குதுதானே? இல்லாவிட்டால் எஞ்சின் பிடித்ததும் டிரில்லை உங்கட கையிலிருந்து பிடுங்கிவிடும்.

பட்டறைவாசி

ஒருவழி பேரிங் இருக்கிறது அண்ணா. வாசலில்தான் ஓட்டப் போகிறேன்.

பட்டறைவாசி

ஓடியது.

காலையில் எட்டு மணிக்குத் தொடங்கினேன். ஜெட் ஊசியைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திறந்துகொண்டே போனேன். ஒன்றேகால் சுற்றில் ஒரு 'டப்'. கார்ப் வழியாகத் திரும்பி அடித்தது. இன்னும் கால் சுற்றுத் திறந்தேன். டிரில்லைச் சுற்றினேன், டப் டப் என்று இரண்டு, அப்புறம் தொடர்ந்து பிடித்துக்கொண்டது. டிரில் என் கையில் சும்மா நின்றது, எஞ்சின் தானாக ஓடிக்கொண்டிருந்தது. 40 வினாடி. டேங்க் காலியாகி நின்றது. எனக்குக் கை நடுங்கி அடுத்த பெட்ரோலை ஊற்ற முடியவில்லை, என் மகள்தான் ஊற்றினாள்.

மொத்தம் ஏழு தடவை ஓட்டினேன். கடைசித் தடவை மூன்று நிமிடம். ஆயில் டேங்குக்குத் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்தேன். பிரீதரில் (கிராங்க் கேஸிலிருந்து காற்று வெளியேறும் குழாய்) அசலைப் போல ரப்பர் வாத்து மூக்கு வைத்திருந்தேன், அது விரிந்து மூடுவது கூடத் தெரிந்தது.

குறை என்றால் ஐட்லிங். வேகம் 2000-க்குக் கீழே குறைத்தால் நின்றுவிடுகிறது. புல்லட் சத்தம் வரவில்லை, தையல் மெஷின் மாதிரி வேகமாக ஓடுகிறது. அந்த மெதுவான அடி எனக்கு வேண்டும்.

டூல்ரூம்_அம்பத்தூர்

தம்பி! படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

ஐட்லிங்குக்குக் காரணம் ஃபிளைவீல். புல்லட்டின் நிதானமே அந்த இரண்டு கனமான சக்கரத்தில்தான் இருக்கிறது. உங்கள் சக்கரம் எடையில் 27-இல் ஒன்று, விட்டமும் மூன்றில் ஒன்று, ஆகச் சுழற்சியைப் பிடித்து வைக்கும் திறன் 243-இல் ஒன்றாகிவிடும். நான்கு ஸ்ட்ரோக்கில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இரண்டு சுற்றுத் தாங்க வேண்டும், அது தாங்காது. இடது பக்கம் பிரைமரி செயின் கேஸ் உருவத்தை வெறும் கூடாகத்தானே வைத்திருக்கிறீர்கள்? அதற்குள்ளே, கிராங்க் முனையில், இடம் கொள்கிற அளவுக்குப் பெரிய பித்தளைச் சக்கரம் ஒன்று போடுங்கள். மூடிவிட்டால் வெளியே தெரியாது. எடையை விளிம்பில் வைக்கவும், நடுவில் குடைந்துவிடலாம்.

கிளாசிக்350

வாழ்த்துகள் நண்பரே, மனதார. சி.டி.ஐ. பற்றி இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன். பம்ப் படத்தை வீட்டில் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

நிலா_மெக்

அண்ணா, வீடியோ!!

பட்டறைவாசி

வீடியோ போட்டுவிட்டேன் தங்கச்சி. பித்தளைச் சக்கரமும் போட்டாயிற்று ஐயா, 58 மி.மீ. விட்டம். இப்போது 1100-இல் நிற்கிறது. முழுப் புல்லட் அடி இல்லை, ஆனால் ஒவ்வொரு அடியும் தனியாகக் காதில் விழுகிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். அப்பா 30 வருடம் புல்லட் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது பார்வை குறைந்துவிட்டது, எஞ்சினைத் தடவித் தடவித்தான் பார்த்தார். ஓடவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் கேட்டார். நான் என்ன சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "எக்ஸாஸ்ட் டாப்பெட் லூஸா இருக்கு. எவ்வளவு வச்சே?" என்றார். ஃபீலர் கேஜில் 0.1 மி.மீ. இடைவெளி வைத்தேன் என்றேன். "புல்லட்டுக்கு கேஜ் எதுக்கு? ஆறின பிறகு புஷ்ராடு விரலால உருட்டினா சுத்தணும், மேலயும் கீழயும் ஆடக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன், அவர் சொன்னது இதற்கும் பொருந்தும். சூடானால் சிலிண்டரும் ஹெட்டும் ஸ்டீல் புஷ்ராடை விட அதிகமாக வளரும், இடைவெளி தானாகவே கூடும், குளிரில் பூஜ்யம் வைத்தால் வால்வு தூக்கி நிற்காது. எஞ்சின் இப்போது ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறியதும் அவரே விரலால் உருட்டிப் பார்த்து வைக்கட்டும் என்று டாப்பெட் மூடியைக் கழற்றி, சின்ன ஸ்பேனரை அவர் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.